அயலாரின் கடவுள்: யாழ்ப்பாணத்தில் நம்புவோரும் நம்பாதோரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் இருக்கும் மீன்பிடி ஊர் மயிலிட்டி. சைவரும் கத்தோலிக்கரும் தலைமுறை தலைமுறையாக ஒரே துறையிலிருந்து கடலுக்குப் போன ஊர் இது. அம்மன் கோயில் பொங்கலும் காணிக்கை மாதா ஆலயத் திருவிழாவும் அந்த ஒரே ஊரின் நாட்காட்டியில் அடங்கியவை. இங்கிருந்து சில மைல் தூரத்துக்குள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில், கீரிமலை நகுலேஸ்வரம், அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்திறங்கிய தெல்லிப்பழை ஆகியவை இருக்கின்றன. வெவ்வேறு நம்பிக்கை உடையவர்களும் நம்பிக்கையே இல்லாதவர்களும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்தார்கள் என்பதன் 400 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றை இந்தச் சிறு வட்டத்துக்குள்ளேயே காணலாம். அயலவர் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறார் என்பது இங்கே பெரும்பாலும் சண்டைக்குக் காரணமாக இருந்ததில்லை. அந்தத் தெய்வத்தின் பெயரால் பதவியோ, பாடசாலையோ, காணியோ, கோயில் வாசலோ கைமாறும்போதுதான் பார்வை கடுமையாகியிருக்கிறது.

தோம்பில் ஒரு சமயம், வீட்டில் ஒரு சமயம்

யாழ்ப்பாணத்துக்குக் கிறிஸ்தவம் வந்தபோது அதன் பின்னால் அரசியலும் வந்தது. மன்னாரில் மதம் மாறிய சுமார் 600 பேரை யாழ்ப்பாண மன்னன் சங்கிலி 1544இல் கொல்வித்தான். அவர்களைப் போர்த்துக்கேயரின் ஆட்களாகவே அவன் கண்டான். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் நிலைமை தலைகீழானது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்படச் சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டன. குடாநாடு கோயிற்பற்றுகளாகப் பிரிக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வந்து, கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றிவிட்டு, அதே கோயிற்பற்றுகளைத் தங்கள் சீர்திருத்தச் சபையிடம் ஒப்படைத்தார்கள். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற போதகர் 1672இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் வரும் கோயிற்பற்றுகளின் பட்டியலில் மயிலிட்டியும் உண்டு.

ஒல்லாந்தர் காலத்தில் ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஒரு பாடசாலையும் ஒரு தோம்பும் (பதிவேடும்) இருந்தன. யாருக்கு ஞானஸ்நானம் நடந்தது, யாருக்குக் கல்யாணம் நடந்தது என்பதெல்லாம் பாடசாலைத் தோம்பில் பதியப்பட்டன. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாவிட்டால் தண்டம் கட்டவேண்டும். ஞானஸ்நானம் பெறாதவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. கல்யாணம் பதிவதிலும் முதுசத்தை உரித்தாக்குவதிலும் சிக்கல். இதனால் தோம்பின்படி குடாநாட்டில் ஏறத்தாழ எல்லாரும் கிறிஸ்தவர்கள்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. விரத நாளில் சைவர்கள் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, அந்த இலையை வெளியே எறிந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று கூரைக் கிடுகுக்குள் செருகி மறைத்தார்கள் என்பது யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும் தோம்புக் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கோயிலுக்குத் திரும்பினார்கள். இந்த அனுபவம் இரண்டு பக்கத்திலும் ஒரு சந்தேகத்தை விதைத்துவிட்டுப் போனது. வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) மாறியவன் வயிற்றுக்காக மாறினான் என்று சைவர் நினைத்தார்கள். இந்தச் சனங்கள் எதையும் மனதார ஏற்பதில்லை என்று மிஷனரிமார் நினைத்தார்கள்.

ஒல்லாந்தர் காலத்தில் மிகவும் நெருக்கப்பட்டவர்கள் கத்தோலிக்கர். அவர்களுக்குக் குருமார் இல்லாத நிலையில் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் கூலியாள் வேடத்தில் 1687இல் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவிரவாகப் பூசை செய்தார். கிறிஸ்தவ ஒல்லாந்தர் அவரைத் தேடினார்கள். அவர் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் முதலில் சிறையில் அடைபட்டார். பின்னர் பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்கு இடமும் பாதுகாப்பும் கொடுத்தான். 1711இல் கண்டியில் இறந்த அவரை 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார். ஒரே வேதநூலை வைத்திருந்தவர்கள் துரத்த, வேறு சமயத்தவன் காத்தான். உளவாளி அல்ல என்று தெளிந்த பிறகு அந்த மன்னனுக்கு அவரது செபம் தொந்தரவாகப் படவில்லை.

பேர்சிவலும் நாவலரும்

19ஆம் நூற்றாண்டில் வற்புறுத்தலின் இடத்தை வாதம் பிடித்தது. 1816 முதல் அமெரிக்க மிஷன் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் என்று பாடசாலைகளைத் திறந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அன்றைய ஆசியாவின் உயர்ந்த கல்விக்கூடங்களில் ஒன்று. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வந்தது. யாழ்ப்பாண நகரில் வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனின் பாடசாலையை, பின்னாளைய மத்திய கல்லூரியை, பீட்டர் பேர்சிவல் பாதிரியார் நடத்தினார். அங்கே படித்து அங்கேயே ஆசிரியரான நல்லூர் இளைஞர்தான் ஆறுமுகம். அவரே பிற்காலத்து ஆறுமுக நாவலர் (1822–1879).

பேர்சிவலின் மேற்பார்வையில் நடந்த பைபிள் தமிழ் மொழிபெயர்ப்பில் நாவலர் ஆண்டுக்கணக்காக உழைத்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. வேலை நடந்த காலம் முழுவதும் நாவலர் நெற்றி நிறைய நீறு பூசிய சைவராகவே இருந்தார். பேர்சிவல் அதைத் தடுக்கவில்லை. இன்னொருவருடைய வேதத்தைச் சொல் சொல்லாக ஆராய்ந்த அந்த அனுபவம் நாவலரைப் பெரிய எதிர்வாதி ஆக்கியது. 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தொடங்கிய பிரசங்கங்கள் மெதடிஸ்தப் பிரசங்கத்தின் அமைப்பையே எடுத்துக்கொண்டன. 1848இல் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை மிஷன் பாடசாலையின் ஒழுங்கைப் பின்பற்றியது. 1854இல் வந்த ‘சைவதூஷண பரிகாரம்’ சைவத்தின் மீதான மிஷனரிமாரின் குற்றச்சாட்டுகளுக்குப் பைபிளைக் கொண்டே பதில் சொன்னது. ஆலயம், பலிபீடம், விளக்கு, தூபம், காணிக்கை எல்லாம் உங்கள் வேதத்திலும் உண்டே, அவை அங்கே புனிதமாகவும் இங்கே மூடத்தனமாகவும் ஆவது எப்படி என்பதே அதன் மையக் கேள்வி.

மிஷனரிமாரின் பார்வையில் சைவர் இருளில் இருந்த அஞ்ஞானிகள். நாவலரின் பார்வையில் மிஷனரிமார் படித்தவர்கள், உழைப்பாளிகள், பிழையான இடத்தில் நிற்பவர்கள். அவர் அதிகம் கோபித்துக்கொண்டது உத்தியோகத்துக்காக ஞானஸ்நானம் பெற்ற தமிழர் மீதும், தங்கள் சமயத்தைத் தாங்களே அறியாத சைவர் மீதும், ஆகமம் தவறி நடத்தப்பட்ட கோயில்கள் மீதும்தான். மறுபக்கத்தில் அமெரிக்க மிஷனுக்கும் அதே சந்தேகம் வந்தது. பெடியன்கள் ஆங்கிலத்துக்கும் வேலைக்குமே வருகிறார்கள், வேதத்துக்கு வருவதில்லை என்ற எண்ணம் வலுத்து, 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது.

ஒரே வீட்டுக்குள் இரண்டு வழி

மேடையில் வாதம் நடந்த காலத்திலேயே குடும்பங்களுக்குள் சமயங்கள் கலந்து கிடந்தன. மாவிட்டபுரத்தில் 1872இல் சைவக் குடும்பத்தில் பிறந்த சதாசிவன் தாயை இழந்து, கத்தோலிக்கரான சிற்றப்பனிடம் வளர்ந்து, யோன் என்ற பெயரோடு கத்தோலிக்கப் பாடசாலையில் படித்தார். அவரே பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பி, செல்லப்பா சுவாமியின் சீடராகி, கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்த யோகர் சுவாமிகள். 1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்த இன்னொருவர் தந்தையை இழந்து, தாய் ஒரு கத்தோலிக்கரை மறுமணம் செய்ததால் கத்தோலிக்கராக வளர்ந்தார். அவர் திரும்பவில்லை, குருவாகி, சுவாமி ஞானப்பிரகாசர் என்று பெயர் பெற்றார். சைவத்தை மறுத்து நூல்கள் எழுதிய அவருடைய தமிழ் மொழி ஆராய்ச்சியையும் யாழ்ப்பாண வரலாற்று ஆராய்ச்சியையும் சைவ அறிஞர்கள் மதித்தார்கள். யோகர் சுவாமிகளிடம் கிறிஸ்தவர்களும் பௌத்தர்களும் வந்துபோனார்கள். 1964இல் அவர் மறையும்வரை யாரையும் சமயம் மாறச் சொன்னவராக அவரை யாரும் நினைவுகூர்வதில்லை.

இத்தகைய கலப்பு யாழ்ப்பாணத்துச் சடங்குகளில் இன்றும் தெரிகிறது. ஊர்ப்பேச்சில் ஒரு பக்கத்தார் ‘சைவக்காரர்’, மற்றப் பக்கத்தார் ‘வேதக்காரர்’. வேதக்காரரின் கல்யாணத்திலும் தாலியும் கூறையும் உண்டு. செத்தவீடு என்றால் சமயம் பார்க்காமல் அயல் முழுவதும் கூடும். அன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலார்தான் சாப்பாடும் தேத்தண்ணியும் கொண்டுவருவார்கள். சைவர் 31ஆம் நாள் கீரிமலைக்குப் போய் அந்தியேட்டி செய்வார்கள். கத்தோலிக்கர் அதே 31ஆம் நாளில் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். கத்தோலிக்கக் கரையூர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கும் சைவப் பெண்களும், மடு மாதாவிடம் போகும் சைவரும் சிங்கள பௌத்தரும் பலர்.

கல்யாணப் பேச்சு வரும்போதுதான் கணக்கு மாறும். அங்கேயும் முதலில் பார்க்கப்பட்டது சாதி. சாதி பொருந்தினால் ஒரு பக்கத்தார் ஞானஸ்நானம் பெற்றோ, கோயிலில் தாலி கட்டச் சம்மதித்தோ சமயத்தைச் சரிக்கட்டிவிடுவார்கள். சமயம் ஒன்றாக இருந்து சாதி வேறானால் பல வீடுகளில் பேச்சே எழாது. சைவக் கோயில் வாசலில் இருந்த அதே சாதி வேலி தேவாலயத்து இருக்கைகளிலும் மிஷன் பாடசாலை வாங்குகளிலும் இருந்தது. வெவ்வேறு சமயத்தார் ஒருவரை ஒருவர் எளிதாக ஏற்றுக்கொண்ட இடங்களில், அந்த ஏற்பு சாதிக்கு உட்பட்டதாகவே இருந்தது.

நம்பாதவர்கள்: இரண்டு விதம்

இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணம் கண்ட நாத்திகரில் இரண்டு வகை உண்டு. முதல் வகையான பகுத்தறிவாளருக்கு ஆபிரகாம் கோவூர் உதாரணம். கேரளத்துத் திருவல்லாவில் 1898இல், சிரியன் கிறிஸ்தவக் குருவின் மகனாகப் பிறந்தவர். 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் ஆசிரியராக வந்தார். நாவலர் படித்துப் படிப்பித்த அதே கல்லூரி. அதிபர் காஷ் பாதிரியார் ஒரு வருடம் அவரிடம் பைபிள் பாடத்தையும் ஒப்படைத்தாராம். மாணவர் எல்லாரும் திறமாகச் சித்தியெய்தினார்கள். அடுத்த வருடம் பாடம் வேறொருவருக்குப் போனது. சோதனையில் தேறியவர்கள் விசுவாசத்தில் தேறவில்லை என்பது கோவூரைப் பற்றிச் சொல்லப்படும் அந்தக் கதையின் முடிவு. கதையிலும் அவருடைய வேலை போகவில்லை. பாடம் மட்டுமே போனது.

ஓய்வுபெற்ற பிறகு இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக அவர் தீவு முழுவதும் பேர்பெற்றார். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபா தருவதாக 1963இல் அறிவித்தார். பணத்தை வெல்ல யாராலும் முடியவில்லை. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை மனோவசியம் மூலம் ஆராய்ந்து அவர் எழுதிய குறிப்புகளிலிருந்து ‘மறுபிறவி’ என்ற தமிழ்ப் படம் 1973இல் வந்தது. 1978இல் அவர் இறந்தபின் உடல் அவர் விருப்பப்படி மருத்துவக் கல்விக்குக் கொடுக்கப்பட்டது. நம்புகிறவரை அவர் ஏமாற்றப்பட்டவராகவோ நோயாளியாகவோ பார்த்தார். சாமியார்கள் மீது காட்டிய கடுமையை அவர்களிடம் போய் வந்த சனங்கள் மீது காட்டவில்லை.

இரண்டாவது வகை இடதுசாரிகள். அவர்களுடைய பெரிய சோதனைக்களம் மயிலிட்டிக்குப் பக்கத்து மாவிட்டபுரம். 1957இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியைக் காட்டிக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியது. வாசல்கள் பலவும் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி, ந. சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சி நடத்திய தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தைப் பொலிஸ் தாக்கியது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழாக் காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடும்படி கேட்டு வாசலில் அமர்ந்தார்கள். முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் தலைமையில் ஒரு கூட்டம் மறித்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது.

கடவுள் இல்லை என்கிறவன் கோயில் கதவைத் தட்டுவானேன் என்று அப்போது கேட்கப்பட்டது. போராட்டம் பரவிய சங்கானை ஊர் சீனாவின் ஷங்காய் ஆகிறது என்று நாடாளுமன்றத்திலேயே பேச்சு எழுந்தது. கும்பிடுவது கும்பிடுகிறவரின் விருப்பம், வாசலில் மறிப்பது மற்றவரின் உரிமையில் கைவைப்பது என்பது இயக்கத்தாரின் பதில். என். கே. ரகுநாதன் இந்தப் போராட்டத்தையொட்டி எழுதிய ‘கந்தன் கருணை’ நாடகம், பக்தர்களுக்குப் பழக்கமான காத்தவராயன் கூத்துப் பாணியில், முருகனைப் பாத்திரமாக்கியே நியாயம் பேசியது. கோயிலுக்குள் போக விரும்பியவர்கள் நம்பிக்கையாளர்கள், துணைக்கு நின்றவர்களில் பலர் நம்பிக்கையற்றவர்கள், மறித்தவர்களும் நம்பிக்கையாளர்களே. யார் பக்கத்தில் யார் நிற்பார் என்பதைக் கடவுள் நம்பிக்கையை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் குடாநாட்டில் இல்லை.

இடதுசாரிகளின் பார்வையும் ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. நாவலர் மறைந்து 100 ஆண்டு நிறைந்த 1979இல் வெளிவந்த நூற்றாண்டு மலரின் பதிப்பாசிரியர் மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி. நாவலரின் சாதிநோக்கோடு உடன்படாதவர்களும் அவருடைய உரைநடைக்கும் கல்விப்பணிக்கும் உரிய இடத்தைக் கொடுத்தார்கள்.

உலகம் நாத்திகரைப் பார்க்கும் விதம்

நாத்திகரை நம்பிக்கையாளர் எப்படிக் காண்கிறார்கள் என்பதை ஆராய்ந்த சமூகவியலாளரின் முடிவுகள் பெரும்பாலும் ஒரே திசையில் இருக்கின்றன. 2006இல் மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, அமெரிக்கர்கள் தங்கள் பிள்ளைகள் கல்யாணம் முடிப்பதை மிகவும் விரும்பாதது நாத்திகரைத்தான். முஸ்லிம்கள்கூட அதற்குக் கீழேதான் இருந்தார்கள். 2017இல் வெளியான இன்னொரு ஆய்வு இந்தியா உட்பட 13 நாடுகளில் நடந்தது. கொடிய குற்றம் செய்த ஒருவனைப் பற்றிச் சொல்லி, அவன் யாராக இருக்கக்கூடும் என்று கேட்டபோது, பெரும்பாலான நாடுகளில் மக்கள் நாத்திகனையே அதிகம் நினைத்தார்கள். தாமே நாத்திகரானவர்களிடமும் அந்தச் சாய்வு இருந்தது. கடவுள் பார்க்கிறார் என்ற பயம் இல்லாதவனை எதை வைத்து நம்புவது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது.

முகம் தெரியாத நாத்திகனைப் பற்றிய இந்த அச்சம், தெரிந்த ஆளிடம் வரும்போது தளர்ந்துபோவதைத் தமிழ்நாட்டிலும் காணலாம். நாத்திகரான பெரியாரின் இயக்கத்துக்கு எதிராகச் சமயப்பணி செய்யத் தொடங்கியவர் சைவ மடத் தலைவர் குன்றக்குடி அடிகளார். பழக்கம் நெருங்கியபின் இருவரும் ஒரே மேடைகளில் பேசினார்கள். மடத்துக்கு வந்த பெரியார், கொடுத்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றுக்கொண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இருவரும் கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

போருக்குப் பின்

1990 இந்த வரலாற்றைக் குலைத்த ஆண்டு. யூன் மாதத்தில் மூண்ட போரால் மயிலிட்டியும் அயல் ஊர்களும் வெறுமையாகி, உயர் பாதுகாப்பு வலயமாகின. சைவரும் கத்தோலிக்கரும் ஒரே முகாம்களில் அகதிகளாக இருந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டவர்கள் 70,000 பேருக்கு மேல் என்பது பரவலான மதிப்பீடு. வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, பின் கொழும்பு சாகிராக் கல்லூரி அதிபரான ஏ. எம். ஏ. அஸீஸ் போன்றவர்களை உருவாக்கிய உறவு, பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் இடையில் எந்த வாதமும் நடக்காமலே துண்டிக்கப்பட்டது.

27 ஆண்டுகளுக்குப் பின், 2017 யூலை 3ஆம் திகதி, மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்பட்டன. மீள வந்த சனங்கள் வீட்டோடு சேர்த்துக் கோயிலையும் தேவாலயத்தையும் மீளக் கட்டவேண்டியிருந்தது. பக்கத்து ஊரான தையிட்டியில் தனியார் காணிகளில் இராணுவத்தின் உதவியோடு எழுந்த திஸ்ஸ விகாரைக்கு எதிராக 2023 முதல் போராட்டம் நடந்துவருகிறது. புத்தரை வணங்குவதை அங்கே யாரும் ஆட்சேபிக்கவில்லை. கோரிக்கை காணி உறுதி வைத்திருப்பவரின் காணியைப் பற்றியது. மன்னாரில் 2019 மார்ச் 3ஆம் திகதி, சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீஸ்வரச் சிவன் கோயில் வீதியில் அமைத்த வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி வீழ்த்தியதிலும் பிரச்சினை வீதியோரம் யாருடையது என்பதே. வீடு வீடாக வரும் புதிய சபைகள் மீது சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் ஒரே மாதிரியான எரிச்சல் உண்டு. போரால் நொடிந்த குடும்பங்களை உதவி காட்டி இழுக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு, தோம்புக் காலத்துச் சந்தேகத்தின் இன்றைய வடிவம்.

சட்டமும் பாடசாலையும்

இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்கிறது. தான் விரும்பும் மதத்தையோ நம்பிக்கையையோ ஏற்கும் உரிமையும் அதில் அடங்கும். சட்டத்தில் நாத்திகருக்குத் தடையில்லை. குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளில் மட்டும் அவர்களுக்கென்று தனி இடமில்லை. பிறந்த வீட்டின் சமயத்திலோ ‘ஏனையவை’ என்ற சிறு கூட்டிலோ அவர்கள் கரைந்துபோகிறார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் எட்டுப் பேர் சைவர், எஞ்சியோரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்ற கணக்குக்குள் கோவூரின் மாணவர்களும் மாவிட்டபுரத்தில் நின்றவர்களும் அடக்கம்.

பாடசாலையில் சமயம் க.பொ.த. சாதாரண தரம் வரை கட்டாயப் பாடம். சைவப் பிள்ளை சைவநெறியும் கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கமும் படிக்கும். சமயப் பாடவேளையில் வகுப்புப் பிரிந்துவிடும். எந்தச் சமயமும் வேண்டாம் என்ற வீட்டுப் பிள்ளைக்கு மாற்றுப் பாடம் கிடையாது. பதினொரு ஆண்டுப் படிப்பில் மற்றச் சமயத்தைப் பற்றியோ நம்பாதவரின் நியாயத்தைப் பற்றியோ பாடநூல் வழியாக ஒரு பிள்ளைக்குத் தெரியவரும் விஷயம் மிகக் குறைவு. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் மிஞ்சியிருப்பது அயலோடு பழகும் பழக்கமே. இடப்பெயர்வாலும் புலம்பெயர்வாலும் கலைந்துபோன ஊர்களில் அந்தப் பழக்கமும் முன்போலத் தானாக அமைவதில்லை.